இரவில் தனியாக ஓடும்போது பாம்பு, நாய், நரி பயம்: கடலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை முடிந்து வீடு வந்து சேர எனக்கு ஒன்பதரை ஆகிவிடும். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஓட்டம், பல வருடப் பழக்கம். சில்வர் பீச் சாலை, கெடிலக் கரை, வாரத்தில் ஒருநாள் கேப்பர் மலை ஏற்றம். மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலையில் ஓடுகிறவர்களுக்கு நான் "நைட்டு பார்ட்டி". எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எல்லாருக்கும் வேறு கேள்விகள்தான். டீக்கடையிலும் வாட்ஸாப்பிலும் அவற்றுக்கே பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே. நான் டாக்டரும் இல்லை, வனத்துறையும் இல்லை. கடி, ஊசி பற்றிச் சொல்வதெல்லாம் அரசு மருத்துவமனையில் சொல்கிற அதே விஷயம்தான்.

"பாம்பு கீம்பு இல்லியாண்ணா?"

இருக்கிறது. போன வருடம் முழுக்க ஓடியதில் உயிரோடு நான் பார்த்தது ஏழு. வண்டி ஏறிச் செத்துக் கிடந்தவை அதைவிட அதிகம். அந்த ஏழில் ஐந்து, என்னைப் பார்ப்பதற்கு முன்பே புல்லுக்குள் போய்க்கொண்டிருந்தன.

"இல்லை, தைரியமாக ஓடு" என்று சொல்கிறவர் ஒன்று இரவில் வெளியே வராதவர், இல்லை டார்ச் இல்லாமல் ஓடுகிறவர். இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம்.

"நம்ம ஊர்ல அப்படி என்னதான் மிருகம் இருக்கு? சிறுத்தை வந்துடுச்சுன்னு வாட்ஸாப்ல போட்டாங்களே?"

சிறுத்தை, யானை, கரடி வாழ்கிற காடு கடலூர், பாண்டி கடலோரத்தில் இல்லை. அப்படி வரும் வீடியோவில் பின்னால் தெரிகிற மரத்தைப் பாருங்கள். தேக்கும் மலைச்சரிவுமாக இருக்கும். நம் ஊரில் பனையும் சவுக்கும் முந்திரியும்தான். இங்கே புலி இருப்பது ஊர்ப் பெயரில் மட்டும். திருப்பாதிரிப்புலியூர் என்பதில் வரும் புலி, புலிக்கால் முனிவர் வியாக்கிரபாதர் வழிபட்ட தலம் என்பதால் வந்தது. பாதிரி அந்தக் கோயிலின் தலமரம்.

நிஜமாக இருப்பவை: நரி, காட்டுப்பூனை, மரநாய், கீரி (இது பகல்காரர், இரவில் பார்க்க மாட்டீர்கள்), ஆந்தை வகைகள், பாம்பு, தேள். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக்கொல்லை ஓரத்தில் ஓடுகிறவர்கள் நரியையும் காட்டுப்பூனையையும் பார்த்திருப்பார்கள். கரும்புக்குள் எலி, எலிக்குப் பின்னால் இவை, இவற்றோடு பாம்பும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, சிதம்பரம் பக்கத்து ஆட்களுக்கு. பழைய கொள்ளிடத்திலும் வக்காரமாரிப் பக்கமும் முதலை உண்டு, ஆட்களைக் கடித்தும் இருக்கிறது. அங்கே இருட்டில் தண்ணீர் ஓரமாக ஓட வேண்டாம். கெடிலக் கரையில் ஓடும் நமக்கு அந்தக் கவலை இல்லை.

"பெருசா ஆபத்து இல்லன்னு தெரியுது சார். ஆனாலும் நெஞ்சு அடிச்சுக்குதே, ஏன்?"

கண்ணுக்கு வேலை இல்லாதபோது காது அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. காதுக்கு அளவு தெரியாது. காய்ந்த பனையோலை மேல் ஓடுகிற சுண்டெலி, பகலில் நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காத ஒன்று, இரவில் காட்டுப்பன்றி அளவுக்குச் சத்தம் போடும். அது என்னவென்று தெரியாத அந்த இரண்டு விநாடியில் மூளை தனக்குத் தெரிந்ததிலேயே மோசமானதை எடுத்து வைத்துக்கொள்கிறது.

நான் ஆரம்பித்த புதிதில் கேப்பர் மலை ரோட்டில் நடந்தது இது. நடுரோட்டில், தரையோடு தரையாக, செக்கச் சிவந்த இரண்டு கண்கள். டார்ச்சை அடித்தால் இன்னும் சிவக்கிறது. உடம்பே தெரியவில்லை, கண் மட்டும். திரும்பி ஓடினேன், அன்றைக்கு ஓடிய வேகத்தில் நான் அதற்குப் பிறகு ஓடவே இல்லை. மறுநாளும் அதே இடம், அதே கண்கள். இந்தத் தடவை கால் எழும்பாமல் நின்றுவிட்டேன். பத்தடி தூரத்தில் அது சிறகை விரித்து, சத்தமே இல்லாமல் என் தலைக்கு மேலே போனது. பக்கி. பூச்சி பிடித்துத் தின்னும் பறவை, கிட்டத்தட்ட மைனா அளவுதான். இரவில் ரோட்டில் உட்கார்ந்திருப்பது அதன் வழக்கம்.

பெயர் தெரிந்த மூன்றாம் நாள் அதே கண்களைப் பார்த்தபோது "வந்துட்டியா" என்றுதான் தோன்றியது. தைரியத்தை வரவழைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். மந்திரம், மூச்சுப்பயிற்சி எல்லாம் உங்கள் விருப்பம்.

"சத்தத்தை வச்சு எது என்னன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஏழெட்டுச் சத்தம் பழகினால் நம் பகுதிக்குப் போதும். வெட்டவெளியில் திடீரென்று யாரோ விரட்டித் திட்டுவது மாதிரி கத்திக்கொண்டு தலைக்கு மேல் சுற்றுவது ஆள்காட்டிக் குருவி. தரையில்தான் முட்டை வைக்கும். நீங்கள் கூட்டுப் பக்கம் வந்துவிட்டீர்கள், அதற்குத்தான் அந்தக் கூச்சல். பெயரே ஆளைக் காட்டிக்கொடுப்பது, அதுவும் இரவு பகல் பார்க்காமல். பழைய கட்டடம், கோயில் கோபுரம் பக்கம் துணியை நீளக் கிழிப்பது மாதிரி ஒரு கிறீச்சல் வந்தால் கூகை. வெள்ளை முகம், பறப்பது துளியும் கேட்காது. சுடுகாட்டுக் கதைகளில் பாதி இந்த ஒரு பறவையால் வந்தவை என்பது என் அபிப்பிராயம். புளியமரத்தில் நாலைந்து பேர் சண்டை போடுகிற மாதிரி கலகலவென்றால் புள்ளி ஆந்தை. பக்கியின் குரல், கூழாங்கல்லைத் தளத்தில் எறிந்து அது குதித்துக் குதித்து ஓய்கிற மாதிரி இருக்கும்: டக், டக், டக், டர்ர்ர்.

மழை விட்ட இரவில் வயலிலிருந்து மாடு கத்துவது போல் கேட்பது தவளை. நரி ஊளை ஒன்று தொடங்கினால் மற்றது சேர்ந்துகொள்ளும். இரண்டே நரி சேர்ந்து இருபது மாதிரிக் காட்டிவிடும். பனை, தென்னை மட்டையில் சரசரவென்று ஏறி இறங்குவது எலி, மிஞ்சினால் மரநாய்.

இதில் நிஜமாக நிற்க வேண்டிய சத்தம் ஒன்றுதான். குக்கரிலிருந்து ஆவி வெளியேறுவது போல் கனமாக, விட்டு விட்டு "ஸ்ஸ்ஸ்" என்று தரையிலிருந்து வந்தால் அது கண்ணாடி விரியனாக இருக்கலாம். அப்படியே நில்லுங்கள், டார்ச்சால் தேடுங்கள், எங்கே என்று தெரிந்ததும் வந்த வழியே பின்வாங்குங்கள்.

"டார்ச் அடிச்சா கண்ணு பளபளன்னு மின்னுதே, அது என்ன?"

நாய், பூனை, நரி, மாடு இவற்றின் கண்ணுக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும். நிறத்தைவிட உயரத்தைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் இருந்தால் நாய் அல்லது நரி, இடுப்புக்கு மேல் என்றால் மாடு, தரையோடு சிவப்பு என்றால் மேலே சொன்ன பக்கி. புல்லில் பொட்டுப் பொட்டாகப் பச்சை நீலம் மின்னினால் சிலந்தி. ஒரு மழைக்காலத்து இரவில் எண்ணிப் பாருங்கள், வானத்தைக் கொண்டுவந்து கொட்டிய மாதிரி இருக்கும்.

பாம்புக் கண் இப்படி மின்னாது. கண் தெரியவில்லை, அதனால் பாம்பு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பாம்பை உருவத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

"நரி கூட்டமா வந்து மேல விழுமா?"

விழாது. நம்மைவிட அதற்குப் பயம் அதிகம். ஆரோவில் காட்டுப் பக்கம் ஓடுகிற நண்பர்கள் நரியைப் பார்த்துக் கையசைக்காத குறைதான். ஒரே எச்சரிக்கை: நரியோ நாயோ மரநாயோ, பயமே இல்லாமல், தள்ளாடிக்கொண்டு உங்களை நோக்கி நேராக வந்தால் வெறிநோயாக இருக்கலாம். தடுப்புச் சுவரோ வண்டியோ நடுவில் வரும்படி விலகுங்கள்.

"காட்டு மிருகத்தை விடுங்க. எங்க தெரு நாயைத் தாண்டவே முடியலையே!"

சரியான கேள்வி இதுதான். இரவில் ஓடுகிறவருக்கு நிஜமான தொல்லை நாய்தான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. பகலில் டீக்கடை வாசலில் வாலாட்டிய அதே நாய், பத்து மணிக்கு மேல் தெருவுக்குச் சொந்தக்காரர். வேகமாக ஓடிவரும் எதுவும் அதற்கு அத்துமீறல்.

நான் செய்வது இதுதான். நாய் இருக்கும் இடத்துக்கு முப்பது நாற்பது அடி முன்னால் ஓட்டத்தை நிறுத்தி நடைக்கு மாறுவேன். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்க மாட்டேன், ஆனால் ஓரக்கண்ணில் வைத்திருப்பேன். சாதாரணக் குரலில் "என்னடா, ம்?" என்று ஏதாவது பேசுவேன், குரல் கேட்டதும் பல நாய்களுக்கு நீங்கள் மனிதர் என்பது உறைக்கும். தெருவின் எல்லை, அதாவது அடுத்த கூட்டம் தொடங்கும் இடம், தாண்டும்வரை நடை. குரைத்துக்கொண்டே நெருங்கினால் நின்று, முகம் அதன் பக்கம் இருக்க, பின்னால் பின்னால் நகர்வது. முதுகைக் காட்டி ஓடினால் கெண்டைக்கால் போச்சு.

குட்டி போட்ட நாய் தனி ரகம். பனிக்காலத்தில் பல தெருக்களில் குட்டிகள் இருக்கும். தாய் எந்தத் திண்ணைக்குக் கீழே, எந்தச் சாக்கடை மேட்டில் என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொண்டு, அந்த இரண்டு மாதம் வேறு தெரு வழியாகப் போங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

"கையில குச்சி வச்சுக்கலாமா? பிஸ்கட் போட்டா நட்பாயிடுமா?"

குச்சியோடு ஓடினால் நாய்க்கு இன்னும் சந்தேகம். அதற்குப் பதில் குனிவது போதும். கல் எடுப்பது போல் குனிந்தால் தமிழ்நாட்டு நாய் எல்லாவற்றுக்கும் அர்த்தம் புரியும். பழமொழியில் நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். நல்லவேளை, கல் நிஜமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எறிய வேண்டாம். அடிபட்ட நாய் அடுத்து வரும் சைக்கிள்காரர் மேல்தான் காட்டும்.

பிஸ்கட்டை ஓடும் நேரத்தில் போடாதீர்கள். பத்து நாளில் ஊரே உங்களை எதிர்பார்த்து ரோட்டுக்கு வந்து நிற்கும். நட்பு வேண்டுமென்றால் பகலில், நடந்து போய், அந்தத் தெருக்காரர்களோடு நாலு வார்த்தை பேசிக்கொண்டே போடுங்கள். உங்கள் வாசனை பழகட்டும்.

"காலைத் தட்டி நடந்தா பாம்பு விலகிடும்னு தாத்தா சொல்வாரு. சரிதானே?"

பாதி சரி. பாம்புக்கு வெளிக்காது கிடையாது, தரை அதிர்வை நன்றாக உணரும். சாரையும் நல்ல பாம்பும் அதிர்வு கேட்டதும் பெரும்பாலும் விலகிப் போய்விடும். தாத்தா பார்த்தது அதைத்தான்.

விரியன் வகை அப்படி இல்லை. கண்ணாடி விரியன் தன் நிறத்தை நம்பி, சருகோடு சருகாக அசையாமல் கிடக்கும். சுருட்டை விரியன் கையகலச் சுருளாக மணலில் கிடந்தால் சாணி என்று நினைப்பீர்கள். கட்டுவிரியன் இரவில் மட்டுமே சுறுசுறுப்பு. இவற்றைத் தட்டி விரட்ட முடியாது, பார்த்து விலகத்தான் முடியும். அதனால் தாத்தா சொன்னதோடு இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: வெளிச்சம், ஷூ. கடிகளில் பெரும்பாலானவை பாதத்திலும் கணுக்காலிலும்தான். சாக்ஸோடு மூடிய ஷூ போட்டு, புல் ஓரத்திலிருந்து நாலடி தள்ளி, எதிரே வரும் வண்டி தெரியும்படி ரோட்டின் வலப்பக்கம் ஓடினாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. ஷூவைப் போடும் முன் ஒருமுறை கவிழ்த்துத் தட்டுங்கள். தேள் உள்ளே படுத்திருக்கும்.

"பாம்பு துரத்துமா? அடிபட்டா பழி வாங்குமா?"

துரத்தாது. பதறிய சாரை சில சமயம் நம் பக்கமாகவே ஓடி வரும். அதன் பொந்து நம் பின்னால் இருக்கும், அவ்வளவுதான். பழி வாங்குவது சினிமாவில். ஆறேழு அடி தூரத்தில் நின்றால் எந்தப் பாம்பும் உங்களைத் தொட முடியாது. நின்று, போகவிட்டு, பிறகு ஓடுங்கள்.

"எந்த மாசம் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்?"

ஐப்பசி, கார்த்திகை. முதல் நல்ல மழைக்கு மறுநாள் இரவு தெருவிளக்கைச் சுற்றி ஈசல் பறக்கும். ஈசலுக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும். ஆகவே விளக்குக் கம்பத்தடி வெளிச்சமாக இருக்கிறதே என்று அங்கே நின்று ஷூ லேஸ் கட்டாதீர்கள். மழைக்காலத்தில் ஆபத்தான இடமே அதுதான்.

வெள்ளம் வந்தால் கணக்கே வேறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது பொந்துகள் எல்லாம் மூழ்கின. மேடான இடம் தேடி மனிதனும் பாம்பும் ஒரே ரோட்டுக்குத்தான் வர வேண்டும். தண்ணீர் வடிந்து சேறு காயும்வரை நான் ஆற்றங்கரைப் பக்கம் போகவில்லை, மைதானத்தையே சுற்றிக்கொண்டிருந்தேன். கோடையில் தார் ரோடு இரவிலும் சூடாக இருக்கும். அந்தச் சூட்டுக்குப் பாம்பு வந்து படுப்பதுண்டு.

"தலையில கட்டுற லைட் வாங்கவா, கை டார்ச் போதுமா?"

கை டார்ச். தலை விளக்கின் வெளிச்சம் கண் உயரத்திலிருந்தே போவதால் தரையில் கிடக்கும் பொருளின் நிழல் நமக்குத் தெரியாமல் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். எல்லாம் தட்டையாகத் தெரியும். டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்தால் ஒரு சின்னக் குச்சிக்குக்கூட நீள நிழல் விழும். தவிர தலை விளக்குக்கு வரும் பூச்சியெல்லாம் வாய்க்குள் போகும். மழைக்காலத்தில் இது வேடிக்கை இல்லை.

வழியில் செல்போன் திரையைப் பார்க்காதீர்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒரு மெசேஜ் அதைக் கெடுத்துவிடும். பாட்டு கேட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு காதில் மட்டும்.

"பீச்சுல வெறுங்காலோட ஓடலாமா? நண்டு கடிக்குமா?"

நண்டு கடிக்காது, காலடியில் பிரிந்து ஓடும். டார்ச் பட்டதும் ஒரு நூறு வெள்ளை நண்டு பக்கவாட்டில் ஓடுவதை முதல்முறை பார்த்தால் மணலே நகர்வது போலிருக்கும். தேவனாம்பட்டினத்தில் நான் பயப்படுவது பாட்டில் சில்லுக்குத்தான். வலையிலிருந்து உதறிப்போட்ட கடல்பாம்பும் சில நாள் கிடக்கும். வால் துடுப்பு மாதிரித் தட்டையாக இருக்கும். செத்தது போல் கிடந்தாலும் காலால் புரட்டாதீர்கள். அது கடுமையான விஷம், நம் ஊர் விஷமுறிவு மருந்து அதற்குச் செய்யப்பட்டதும் அல்ல.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். மணலில் டிராக்டர் சக்கரம் போன தடம் மாதிரி இருந்தால் டார்ச்சை அணைத்துவிட்டு விலகி ஓடுங்கள். வெளிச்சம் பட்டால் அது முட்டையிடாமலே திரும்பிவிடும். போட்டோவும் வேண்டாம்.

"நான் பாண்டியில இருக்கேன். பீச் ரோட்டுலயே ஓடிட்டா இந்தத் தொல்லை எதுவும் இல்லையே?"

இல்லைதான். மாலை ஆறு முதல் காலை ஏழரை வரை வண்டி கிடையாது, விளக்கு உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு. ஆனால் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான்; பத்துக் கிலோமீட்டர் ஓட வேண்டுமென்றால் காந்தி சிலைக்கே உங்களை அடையாளம் தெரிந்துவிடும். ஆரம்பத்துக்கு அங்கே ஓடுங்கள். ஊசுட்டேரி, பாகூர் ஏரிப் பக்கம் போக ஆசை வரும்போது முதலில் பகலில் போய்ப் பாருங்கள்.

"முதல் வாரம் எப்படி ஆரம்பிக்கிறது?"

ஓடாதீர்கள், நடங்கள். ஒரே ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து, பகலில் ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை, பிறகு இரவில் இரண்டுமுறை நடங்கள். எந்த வீட்டு நாய், எங்கே புதர், எங்கே விளக்கு எரியவில்லை, மனதில் ஒரு வரைபடம் வந்துவிடும். முதல் ஓட்டத்தைப் பௌர்ணமியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், நிலவே பாதி டார்ச். பயம் வந்தால் திரும்பி ஓடாமல் நின்று சத்தத்துக்குப் பெயர் வைத்துப் பாருங்கள். மேலே சத்தம் பற்றிச் சொன்னதெல்லாம் இதற்குத்தான். பெயர் கிடைக்கவில்லையா, அன்றைக்கு அதோடு நடந்து வீட்டுக்கு வாருங்கள். மறுநாள் அதே இடம்வரை.

வழியை வாராவாரம் மாற்றிக்கொண்டிருந்தால் பயம் போகாது. ஒவ்வொரு நாளும் புது இருட்டாக இருக்கும்.

"போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடுறேண்ணா. காலைல நாலு மணிக்கு ரோட்ல யாரும் இல்ல, பயத்துல டைமிங்கே வரல."

தம்பி, 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் முடிக்கிற ஓட்டத்தை இருட்டு ரோட்டில் பழகாதே. வேகமாக ஓடும்போது தரையைப் பார்க்க முடியாது. நாயும் வேகத்துக்குத்தான் துரத்தும். வேக ஓட்டம் மைதானத்தில், விடிந்த பிறகு. நாலு மணிக்கு ஓடியே ஆகவேண்டும் என்றால் மெதுவான நீள ஓட்டம் மட்டும். நாலு பேர் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. தேர்வுக்கு ஓடுகிறவர்கள் உன் ஊரிலேயே பத்துப் பேர் இருப்பார்கள்.

"நான் பொண்ணு. எனக்கு நாய், பாம்பெல்லாம் பயமில்ல. மனுஷங்கதான்."

இந்தக் கேள்விக்கு ஆண்பிள்ளை நான் பெரிய பதில் சொல்வது சரியில்லை. கூட ஓடும் அக்காக்கள் சொன்னதை அப்படியே தருகிறேன்: வீட்டில் ஒருவரோடு செல்போன் லொக்கேஷனைப் பகிர்ந்து வைப்பது, ஆள் நடமாட்டம் இருக்கும் நேரமாகப் பார்ப்பது, கிளம்பும் நேரத்தை அடிக்கடி மாற்றுவது, இரண்டு பேராகப் போவது. வழியை மாற்றாதே என்று மேலே சொன்னது மிருக பயத்துக்கான பதில். இதற்கு நேர் எதிர்.

"தனியா இருக்கும்போது பாம்பு கடிச்சிட்டா என்ன பண்றது?"

முதலில் பாம்பிடமிருந்து விலகி உட்காருங்கள். 108 கூப்பிடுங்கள், வீட்டுக்கும் சொல்லுங்கள். ஓடாதீர்கள், நடப்பதையும் குறையுங்கள். ஷூ, மோதிரம், கொலுசு மாதிரி இறுக்கமானதைக் கழற்றிவிடுங்கள், வீக்கம் வந்தால் சிக்கிக்கொள்ளும். காலை அசைக்காமல் வையுங்கள். ஆம்புலன்ஸ் தாமதமானால் பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே உட்கார்ந்து போகலாம். நீங்களே ஓட்டக் கூடாது.

துண்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை, விஷக்கல், எதுவும் வேண்டாம். நேரம் போவதுதான் மிச்சம். வலி இல்லையே என்று வீட்டுக்குப் போய்ப் படுக்காதீர்கள். கட்டுவிரியன் கடி பல சமயம் வலிக்காது, தடம்கூடத் தெரியாது. சில மணி நேரம் கழித்து வயிற்றுவலி, இமை சொருகல், பிறகு மூச்சுத் திணறல். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, கோரிமேடு ஜிப்மர், சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி, எது பக்கமோ அங்கே. தமிழ்நாட்டில் பாம்புக்கடியை 2024 முதல் மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

"பாம்பை அடிச்சு எடுத்துட்டுப் போனாத்தான் ஊசி போடுவாங்கன்னு சொல்றாங்களே?"

இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். டாக்டர் உங்கள் உடம்பில் தெரியும் அறிகுறியையும், ரத்தம் இருபது நிமிடத்தில் உறைகிறதா என்பதையும் பார்த்து முடிவு செய்வார். பாம்பைத் தேடிப்போனால் இரண்டாவது கடிதான் கிடைக்கும்.

ஒரு உபரித் தகவல். அந்த மருந்து செய்யத் தேவையான விஷத்தைப் பல வருடமாக எடுத்துத் தருவது வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978இல் தொடங்கியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை போகும்போது ஒருமுறை இறங்கிப் பாருங்கள். அவர்கள் பாம்பைக் கையாளும் நிதானத்தைப் பார்த்த பிறகு எனக்குப் பாம்பு மேல் இருந்த பயம் மரியாதையாக மாறியது.

"நாய்ப் பல்லு லேசாத்தான் பட்டுச்சு, ரத்தம்கூட வரல. காலைல பாத்துக்கலாமா?"

கழுவுவதைத் தள்ளிப் போடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாகப் பதினைந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய் தடவ வேண்டாம். தோல் கீறியிருந்தால் ரத்தம் வராவிட்டாலும் தடுப்பூசி உண்டு, அரசு மருத்துவமனையில் இலவசம். தசையில் போடும் முறையில் முதல் நாள் (அதை 0 என்று எண்ணி), பிறகு 3, 7, 14, 28ஆம் நாள். ஆழமான காயம், ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள், அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வெறிநோய் அறிகுறி வந்த பிறகு வைத்தியம் பலிப்பதில்லை. இரண்டு ஊசியோடு நிறுத்துகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

"சுடுகாட்டைத் தாண்டித்தான் ஓடணும். அதுக்கு என்ன பண்றது?"

கூகை பற்றி மேலே சொல்லிவிட்டேன். அது தவிர அங்கே இருப்பது நாய். படையல் சோற்றுக்கு வந்து பழகிய நாய். நடந்து தாண்டுங்கள்.

"இவ்ளோ வருஷத்துல உங்களுக்கு எதுவுமே ஆனதில்லையா?"

ஆகியிருக்கிறது. பாண்டி ரோட்டில், ஒரு கார்த்திகை மாத இரவு. எதிரே வந்த லாரி ஹெட்லைட் கண்ணைக் கூசவைத்தது. டார்ச்சை மறு கைக்கு மாற்றிக்கொண்டே ஓரமாக ஒதுங்கினேன். கால் எதிலோ மோதியது. இளஞ்சூடாக, மெத்தென்று, சாண வாசனையோடு ஏதோ ஒன்றின் மேல் குப்புற விழுந்து, அந்தப் பக்கமாக உருண்டு ரோட்டில் முட்டியைத் தேய்த்துக்கொண்டேன். கறுப்பு மாடு. ரோட்டிலேயே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அலறியது நான்தான். மாடு மெதுவாக எழுந்தது, டார்ச் எங்கே என்று நான் தடவிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தது, ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்தில் திரும்பவும் படுத்துக்கொண்டது.